மரணப் பட்டியலில் காசநோயைத் தேடலாமா?

கேள்வி: மருத்துவப் பட்டம் பெற்ற நான், இப்போது மருத்துவ வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டு லண்டனின் மரணப் பட்டியல்களில் (இறப்புகளைக் காரணவாரியாக எண்ணிக் காட்டியவை) ‘கன்சம்ப்ஷன்’ (உடல் தேய்வு) என்ற தலைப்பின் கீழ் வரும் இறப்புகளைக் காசநோய் எனக் கொண்டு, அந்நோயின் பரவலைக் கணக்கிட எண்ணினேன். அது தவறு என்கிறார் என் நெறியாளர். இருமி, மெலிந்து இறந்தவர்களைக் காசநோயாளிகள் என்பதில் என்ன பிழை?

பதில்: உங்கள் நெறியாளர் சொல்வதே சரி. காசநோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததை ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்றுதான். அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியவர், கண்ணுக்குத் தெரிந்த உடல் தேய்வுக்கே பெயர் வைத்தார். நம் ‘எலும்புருக்கி’ என்ற சொல்லும் உடல் உருகுவதைத்தானே சொல்கிறது, எதனால் உருகுகிறது என்பதைச் சொல்லவில்லையே. புற்றுநோய், நீரிழிவு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு என உடலைத் தேய்க்கும் நோய்கள் பலவும் அந்த ஒரே தலைப்பின் கீழ் வந்திருக்கக்கூடும்.

இதைவிட முக்கியமானது, அந்தப் பெயரைச் சொன்னவர் யார் என்பது. இறந்தவரின் உடலைப் பார்த்து, இறப்பின் காரணத்தை அறிவித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதற்கென ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதியிலும்) அமர்த்தப்பட்டிருந்த வயதான பெண்கள். 1662-இல் அப்பட்டியல்களை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்ட ஜான் கிரான்ட், உங்களைத் தடுமாறவைத்த இதே தலைப்பில்தான் ஐயம் எழுப்பினார். ஒரு கோப்பை மதுவும் இருமடங்குக் கூலியும் கிடைத்துவிட்டால், அந்த மெலிவு நெஞ்சு நோயால் வந்ததா, பால்வினை நோயால் வந்ததா என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்று அவர் எழுதினார். மேகநோய் என்ற பால்வினை நோயின் இறப்புகளாகப் பதிவானவை இரண்டே தேவாலயப் பங்குகளிலிருந்து வந்திருந்ததையும் அவர் கவனித்தார்.

எனவே, உங்கள் எண்களுக்குள் மறைந்திருப்பது கிருமி மட்டுமன்று. குடும்பங்களின் வெட்கமும், அதை மறைக்க அவை கொடுத்த பணமும்கூட. என்னைக் கேட்டால், ஆய்வுக்கு உரிய பொருளே அதுதான். ‘உண்மையில் இது என்ன நோய்?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்தப் பெயர் யாருக்கு ஏற்புடையதாக இருந்தது, எந்தப் பெயரை அது மூடியது?’ என்று கேளுங்கள்.

பிற்காலத்து நோயறிதலே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1348–50 கொள்ளைநோயில் இறந்தோரைப் புதைத்த லண்டன் கிழக்கு ஸ்மித்ஃபீல்டு இடுகாட்டின் எச்சங்களிலிருந்து பிளேக் கிருமியின் மரபணுத் தொகுதியை ஆய்வாளர்கள் 2011-இல் மீட்டெடுத்தார்கள். அங்கே பல்லும் எலும்பும் சான்றாக இருந்தன; உங்களிடம் இருப்பது ஒரு சொல் மட்டுமே.

நோயாளிகளுக்கு அருகில் செல்ல விரும்பினால், சைமன் ஃபோர்மன், ரிச்சர்ட் நேப்பியர் ஆகிய இருவரின் குறிப்பேடுகளைப் பாருங்கள். 1596 முதல் 1634 வரையிலான ஏறத்தாழ 80,000 பதிவுகளைக் கொண்ட அவற்றை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தில் படிக்கும்படி தொகுத்திருக்கிறார்கள். சோதிட முறையில் மருத்துவம் பார்த்த அவர்கள், வந்தவரின் பெயர், வயது, கேள்வி, அது கேட்கப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்தார்கள். பல வேளைகளில் நோயாளி வராமல், உறவினர் ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். வீட்டில் ஒருவரின் நோயைப் பற்றி யார் பேசினார்கள் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் ஆவணம் அக்காலத்துக்குக் கிடைப்பது அரிது.

உங்கள் மருத்துவப் படிப்பு வீண் என்று வருந்த வேண்டாம். ஒரு மருந்தின் அளவையோ, உடலில் அது செய்திருக்கக்கூடியதையோ நீங்கள் பிறரைவிட விரைவில் புரிந்துகொள்வீர்கள். ஆனால் பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியை முதல் ஆண்டிலேயே பெற்றுவிடுங்கள். நாள்களிலும் கவனம் தேவை: இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று என்பதால், பங்குப் பதிவேட்டில் ‘பிப்ரவரி 1664’ என்று எழுதப்பட்ட அடக்கம் நம் கணக்கில் பெரும்பாலும் 1665-ஐச் சேர்ந்ததாகவே இருக்கும்.