வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

கேள்வி: வயது 46. மாடிப்படி ஏறினால் தொடை சோர்ந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11. டாக்டர் 60,000 யூனிட் மாத்திரை எட்டு எழுதி, வாரம் ஒன்று போடச் சொன்னார். தினம் ஒன்று போட்டால் சீக்கிரம் சரியாகாதா?
- வாசகி, திருச்சி

பதில்: ஆகாது, ஆபத்து. பி வைட்டமின் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். டி அப்படியல்ல, கொழுப்பில் தங்கும். தினமும் 60,000 போட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். மலச்சிக்கல், வாந்தி, தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் எனத் தொடங்கி சிறுநீரகம் வரை கெடும். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே இறங்காது.

11 என்பது ஒரு மில்லிக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே என்றால் குறைபாடு. 8 வாரச் சிகிச்சை இதற்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். எண்ணெய், நெய் சேர்ந்த மதியச் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாக உடம்பில் சேரும். மறந்தால் மறுநாள் போடலாம், இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது. அட்டையில் 'கோலிகால்சிஃபெரால்' (வைட்டமின் டி3-யின் பெயர்) என்று இருக்கிறதா பாருங்கள். 'கால்சிட்ரியால்' வேறு மருந்து. பெரும்பாலும் சிறுநீரக நோயாளிகளுக்குத் தருவது. கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது எட்டாவது மாத்திரைக்குப் பிறகுதான். அதோடு நிறுத்தினால் சில மாதங்களில் அளவு மறுபடி இறங்கிவிடும். தினம் 1,000 முதல் 2,000 யூனிட், அல்லது மாதம் ஒரு 60,000 எனத் தொடர வேண்டியிருக்கும். எது என்று டாக்டர் சொல்வார். மறுபரிசோதனை, தொடங்கிய 3 மாதம் கழித்து. இரண்டாம் வாரமே பார்ப்பது வீண் செலவு. 30-ஐத் தாண்டினால் போதும், 80, 90 என்று ஏற்றிக்கொண்டு போவதில் லாபமில்லை.

தொடைச் சோர்வு இருப்பதால் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பின் நிலையைக் காட்டும் ஒரு நொதி), தைராய்டு இவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லா வலிக்கும் டி-யே காரணம் என்று இருந்துவிட முடியாது. சிறுநீரகக் கல் வந்திருந்தாலோ, டிபி அல்லது வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டிபி மருந்தான ரிஃபாம்பிசின், வலிப்பு மருந்தான ஃபெனிடாயின் இரண்டும் டி-யை வேகமாகச் சிதைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 72. வைட்டமின் டி-யை வருடத்துக்கு ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள். போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 70 வயது தாண்டிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாகக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010-ல் வெளியானது. கீழே விழுவதும் எலும்பு முறிவதும் அவர்களுக்குக் குறையவில்லை, கூடியது. அது வாய்வழி மருந்துதான். ஆனாலும் மொத்தமாக ஏற்றும் ஊசிக்கும் அதே யோசனை பொருந்தும். தினசரிச் சிறு அளவே அம்மாவுக்கு நல்லது.

கேள்வி: கண்ணாடி ஜன்னலோரம் காலை வெயிலில் உட்கார்ந்தால் போதுமா?
- வாசகி, கோவை

பதில்: போதாது. டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே வாருங்கள், உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்.