'மெட்ராஸ் டெரஸ்' என்றால் என்ன? பழைய சென்னை வீடுகள் பகலில் குளுமையாக இருப்பது ஏன்?

மெட்ராஸ் டெரஸ் என்பது இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் இல்லாத தட்டையான மொட்டைமாடிக் கூரை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீட்டுக்குள் போனால் அண்ணாந்து பாருங்கள். வரிசையாகத் தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் மெல்லிய செங்கற்கள் நெட்டுக்குத்தாக, கோணலாக ஓடும். அந்தக் கோணல் வெறும் அழகுக்கு இல்லை. மூலையிலிருந்து ஒவ்வொரு கல்லையும் முந்தைய கல்லோடு சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவதால், அடியில் முட்டுப் பலகை தேவைப்படாது. கொத்தனாரின் கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்!

அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டையான ஓடுகளைப் பதிப்பார்கள். சாந்தில் கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்ப்பதும் உண்டு.

சரி, குளுமை எப்படி? கனத்த தோசைக்கல் சூடேற நேரமெடுக்கும் இல்லையா, அதே கதைதான். மதிய வெயில் அந்தத் தடிமனைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உயரமான கூரையும் கைகொடுக்கும்.

ஒழுகினால் மேலே சிமென்ட் பூசிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புபோல சிமென்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாது. உள்ளே தங்கும் ஈரத்தில் கட்டைதான் உளுத்துப்போகும்.