பழைய பிராடோ வாங்கும்போது எந்தக் கிரேட்: ரி.எக்ஸ். போதுமா, ரி.இசட்-ஜி வேண்டுமா?

கிளிநொச்சியில் வயல் வேலைக்கும் குடும்பப் பயணத்துக்கும் டொயோட்டா லாண்ட் குரூசர் பிராடோ 150 டீசல் ஒன்றைத் தேடுவதாகவும், ரி.எக்ஸ்., ரி.எக்ஸ். எல் பக்கேஜ், ரி.இசட்-ஜி (முறையே அடிப்படை, இடை, உயர் கிரேட்கள்) ஆகியவற்றுக்கு இடையிலுள்ள விலை வித்தியாசம் கொடுக்கத் தகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். 2016ஆம் ஆண்டு எல் பக்கேஜ் ஒன்றை ஐந்து வருடமாக ஓட்டி வருகிறேன். மாங்குளத்தில் இருக்கும் என் அத்தானின் ரி.இசட்-ஜியையும் அடிக்கடி ஓட்டுவதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் தேவைக்கு, நல்ல நிலையில் உள்ள சாதாரண ரி.எக்ஸ். போதும்.

சேற்றிலிருந்து வாகனத்தை வெளியே எடுப்பவை எந்தக் கிரேட்டிலும் குறைவதில்லை என்பதே முதற் காரணம். நிரந்தர நான்கு சில்லு இயக்கம், பூட்டக்கூடிய நடு டிபரென்ஷியல் (முன், பின் சில்லுகளுக்கு வலுவைப் பிரிக்கும் பாகம்), தாழ் வேக கியர் ஆகிய மூன்றும் அடிப்படை ரி.எக்ஸ்.இலேயே இருக்கின்றன. 2015 ஜூனில் வந்த 2.8 லீற்றர் டீசல் இயந்திரமும் எல்லாக் கிரேட்டிலும் ஒன்றுதான்: 177 குதிரைவலு, 450 நியூட்டன் மீற்றர். 2020இல் அது 204 குதிரைவலுவாகவும் 500 நியூட்டன் மீற்றராகவும் உயர்த்தப்பட்டது. காலபோக மழைக்குப் பிறகு வாய்க்கால் கரையில் நீங்கள் நம்பப்போவது இவற்றைத்தான். கதவுக்குள் பதித்த மரவேலைப்பாட்டை அல்ல.

ரி.இசட்-ஜிக்கு மட்டும் உரியவற்றில் உண்மையில் பெறுமதியானது கே.டி.எஸ்.எஸ். எனப்படும் சஸ்பென்ஷன் அமைப்பாகும். முன், பின் ஸ்டெபிலைசர் கம்பிகளை எண்ணெய் அழுத்தக் குழாய்களால் இணைத்து, வளைவில் வாகனம் சாயாமல் இறுக்கிப் பிடிப்பதும், பள்ளத்தில் சில்லு தனித்தனியே இறங்கி ஏற வேண்டிய வேளையில் தளர்த்தி விடுவதும் அதன் வேலை. அத்தானின் வாகனத்தில் முறிகண்டியைத் தாண்டி ஏ9 வீதியில் வேகமாகப் போகும்போது அந்த நிதானத்தை நானே உணர்ந்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதனோடு சேர்ந்து பின்பக்கத்தில் இரும்புச் சுருளுக்குப் பதிலாக ரப்பர்க் காற்றுப் பைகளும், அவற்றை நிரப்பும் கொம்பிரசரும், உயரத்தை அளக்கும் சென்சர்களும் வருகின்றன. ரப்பர் என்பது எந்த வாகனத்திலும் வெயிலிலும் புழுதியிலும் வயதாகும் பொருள். பத்து வருடப் பழைய வாகனத்தில் அதை மாற்ற வேண்டி வந்தால், பாகத்தைக் கொழும்பிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். ரி.எக்ஸ்.இன் இரும்புச் சுருளை எங்கள் ஊர் கராஜில் அரை நாளில் மாற்றி விடுவார்கள்.

அடுத்தது ரயர். இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை, எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ரி.எக்ஸ்.இல் வரும் 17 அங்குலச் சில்லுக்குரிய ரயர் 265/65, அதாவது அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 65 வீதம். அதன் பக்கச்சுவர் ஏறக்குறைய 172 மில்லிமீற்றர். எல் பக்கேஜின் 18 அங்குலத்துக்கு 265/60, அதாவது 159. 2017க்குப் பிந்தைய ரி.இசட்-ஜியின் 19 அங்குலத்துக்கு 265/55, ஆகவே 146 மட்டும். நெடுங்கேணிப் பக்கம் உடைந்த கிறவல் வீதியில் கூர்க்கல் ஒன்று குத்தும்போது, சில்லின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே நிற்பது அந்த ரப்பர்தான். 17 அங்குல அளவு பல ஹைலக்ஸ்களுக்கும் பொதுவானது என்பதால், அவசரத்தில் வன்னிக்குள்ளேயே கிடைக்க வாய்ப்பும் அதிகம்.

எல் பக்கேஜின் லெதர் சீற் பற்றி: கிறவல் புழுதியை ஈரத் துணியால் ஒரு நிமிடத்தில் துடைத்து விடலாம், துணிச் சீற்றில் அது முடியாது. ஆனால் நண்பகலில் வெளியே நிறுத்திவிட்டு ஏறினால் தொடை சுடும்; முன் சீற்றில் காற்றோட்டம் இருந்தால் மட்டுமே லெதருக்கு மேலதிகப் பணம் கொடுங்கள். சண்ரூப் வேண்டவே வேண்டாம். அதன் மூலைகளில் மழைநீர் வடியும் மெல்லிய குழாய்கள் உண்டு. நான் வேப்பமரத்தின் கீழ் நிறுத்தியதால் சருகும் பூவும் அவற்றை அடைத்து, ஒரு மார்கழி மழையில் கூரைத் துணி முழுவதும் ஊறிப் போனது.

பாதுகாப்பு விடயத்தில் கிரேட்டை விட ஆண்டே முக்கியம். 2017 செப்டெம்பர் மாற்றத்தோடு, மோதலை முன்கூட்டி உணர்ந்து பிரேக் பிடிக்கும் அமைப்பு எல்லாக் கிரேட்டுக்கும் வந்துவிட்டது. ஆகவே 2016 ரி.இசட்-ஜியை விட 2018 ரி.எக்ஸ். எனக்கு மேலானது. எனினும் அது வாகனங்களையும் மனிதர்களையும் இனங்காணவே அமைக்கப்பட்டது. இரவில் வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு அதை நம்பக் கூடாது. அதற்கு நல்ல எல்.ஈ.டி. முகப்பு விளக்கே உதவும், அதற்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஜப்பான் சந்தை டீசல் எந்தக் கிரேட்டாக இருந்தாலும் புகைக்கரி வடிகட்டியும் அட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்) தொட்டியும் அதில் இருக்கும். வீட்டுக்கும் வயலுக்குமான குறுந்தூர ஓட்டத்தில் வடிகட்டி சூடேறிக் கரியை எரிக்க முடியாது. நான் கிழமைக்கு ஒரு முறையாவது வவுனியா வரை நிறுத்தாமல் ஓட்டி வருவேன். அட்புளூ முற்றாகத் தீர்ந்தால், நிறுத்திய இயந்திரம் மீண்டும் இயங்காது. ஒரு கலனை வீட்டில் வைத்திருங்கள்.

பார்க்கப் போகும்போது பின்கதவில் ஒட்டிய எழுத்தை நம்பாதீர்கள். டீசல் ரி.எக்ஸ்.உம் எல் பக்கேஜும் ஜி.டி.ஜே.150 என்றும், ரி.இசட்-ஜி ஜி.டி.ஜே.151 என்றும் சட்டக இலக்கத்தில் இருக்கும். அப்படியும் ரி.இசட்-ஜிதான் வேண்டுமென்றால், மாலையில் பின்சில்லின் மையத்திலிருந்து மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் நாடாவால் அளந்து எழுதிவிட்டு, மறுநாள் காலையில் இயந்திரத்தை இயக்குமுன் மீண்டும் அளக்க அனுமதி கேளுங்கள். காற்றுப் பை கசிந்தால் இரவோடு இரவாக அந்த அளவு குறைந்திருக்கும்.