மறுமொழி: டிங்கி கிருமி கொசுவை ஏன் கொல்வதில்லை?

வணக்கம் சகோதரி. ஐந்தாம் படிவ மகள் "டிங்கியைச் சுமக்கும் கொசுவுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை" என்ற கேள்வியில் சிக்கி, அறிவியல் படைப்பு பாதியில் நிற்கிறது என்று செந்தூலிலிருந்து எழுதியிருந்தீர்கள்.

கொசு சும்மா இருப்பதில்லை, சண்டை போடுகிறது. நம்மைப் போல ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்கும் புரதம்) அதற்குக் கிடையாது. வைரஸ் பெருகும்போது, அதன் மரபுச் செய்தி எழுதப்பட்ட ஆர்என்ஏ இரட்டை இழையாக இருக்கும். டைசர்-2 என்ற புரதம் அதைப் பிடித்து, 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட்-2 என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் படத்தை வைத்து ஆளைத் தேடுவதுபோல, அதோடு பொருந்தும் வைரஸ் ஆர்என்ஏவைத் தேடி வெட்டும்.

ஆனால் முழுசாக ஒழிக்காது. வைரஸும் லேசுப்பட்டதல்ல, இந்த வெட்டுக்குத் தடை போடும். கொசுவும் பிழைக்கும், வைரஸும் குடலிலிருந்து எச்சில் சுரப்பிக்குப் போய்ச் சேரும். அதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாள்.

அப்புறம், உள்ளூர் உதாரணம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள், ஆசிரியருக்குப் பிடிக்கும். கோலாலம்பூர் வட்டாரத்தில் 2017 முதல் வோல்பாக்கியா பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுக்களை விட்டார்கள். அந்தக் கொசுவுக்குள் டிங்கி வைரஸ் சரியாகப் பெருகாது.