குழாய் போட்டால் கதை முடிந்ததா?

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு 52 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. வாயில் வெற்றிலையும் புகையிலையும் ஓயாது. இப்போது அடிநாக்கில் புற்றுநோய் என்று திருவனந்தபுரத்தில் கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள், மொத்தம் 33 நாள், கூடவே வாரம் ஒரு கீமோ. 14 நாள் முடிந்திருக்கிறது. வாயெல்லாம் வெந்துபோய் தண்ணீர்கூட இறங்கவில்லை. சாப்பாடு கொடுக்க மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்கிறார்கள். இவரோ, "எங்க அப்பாவுக்குக் குழாய் போட்டு நாலாம் நாள் போயிட்டாரு, எனக்கு வேண்டாம்" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? வீட்டில் நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? அவர்கள் கொடுத்த தாள் மலையாளத்தில் இருக்கிறது, பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது.
(களியக்காவிளை பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, எனக்கும் நாக்கில்தான் வந்தது, நாலு மாதம் மூக்கில் குழாயோடு திரிந்தேன். நானும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அதனால் உங்க வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

அவர் அப்பாவுக்குப் போட்ட குழாய் வேறு கணக்கு. இது சிகிச்சையை நடுவில் நிறுத்தாமல் முடிப்பதற்காகப் போடுவது. கரண்டு வைக்கும்போது முகத்துக்கு அச்செடுத்த மாஸ்க் ஒன்றை மாட்டிப் படுக்க வைப்பார்கள் இல்லையா, ஆள் ரொம்ப மெலிந்துவிட்டால் அந்த மாஸ்க் லூசாகிவிடும், குறி தப்பும், மறுபடி அளவெடுக்க வேண்டியிருக்கும். நடுவில் நாள் விட்டால் கரண்டின் பலனும் குறையும். இதை அவரிடம் சொல்லுங்கள். பால்வெட்டுக்காரருக்குப் புரியும், முறை தப்பினால் மரம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: புண் இனிமேல்தான் கூடும். கரண்டு முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரைகூட அது உச்சத்தில் இருக்கும், பிறகுதான் மெல்ல ஆறும். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, கடைசி நாள் முடிந்ததும் மறுநாளே மீன் குழம்பு சாப்பிடலாம் என்று நினைத்திருந்தேன்!

குழாய் இறக்கும்போது அஞ்சு நிமிஷம் கண்ணீர் வரும், குமட்டும். ரெண்டு மூணு நாள் தொண்டையில் ஏதோ நூல் சிக்கியதுபோல் இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

இனி உங்க வேலை. ஆளைச் சாய்த்து உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், மல்லாக்கப் படுத்திருக்கும்போது கூடவே கூடாது. ஊட்டி முடித்ததும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே உட்காரட்டும். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவசர அவசரமாக ஊற்றாதீர்கள். மூக்குப் பக்கத்தில் குழாயில் ஒரு அடையாளம் இருக்கும், ஒவ்வொரு முறையும் அது அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நகர்ந்திருந்தாலோ, ஊற்றும்போது இருமினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழன்று வந்த குழாயை வீட்டில் நீங்களே உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், அது நுரையீரல் பக்கம் போய்விடலாம்.

ஊசிக் குழலின் (சிரிஞ்சின்) தண்டை உருவிவிட்டு, குழலைக் குழாயில் மாட்டி உயர்த்திப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும், அழுத்தித் தள்ள வேண்டாம். ஒரு வேளைக்கு 200, 250 மில்லி, கால் மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் ஆறவைத்த வெந்நீர் 30 மில்லி விட வேண்டும், இதை மட்டும் மறந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

நம்ம ஆட்கள் செய்கிற பெரிய தப்பு, சுலபமாக இறங்குகிறதே என்று வெறும் கஞ்சித்தண்ணியை ஊற்றுவது. வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது. கேழ்வரகுக் கூழ், வேகவைத்து அரைத்த சிறுபயறு, பால், ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய் என்று சேர்த்து மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுங்கள். செய்து இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், பிளாஸ்கில் காலையில் நிறைத்து மதியம் வரை வைக்காதீர்கள். சுகர் இருந்தால் அளவை டயட்டீஷியனிடம் கேளுங்கள். தாளை அங்கே இருக்கும் நர்ஸிடமே வாசித்துக் காட்டச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், எல்லையில் வாழ்கிற நமக்கு அதுதான் தமிழ் மொழிபெயர்ப்பு.

குழாய் இருக்கிறதே என்று தொண்டைக்கு லீவு கொடுத்துவிடக் கூடாது. டாக்டர் சரி என்றால் தினமும் ஒரு மடக்கு ஒரு மடக்காகத் தண்ணீர் விழுங்கட்டும், விழுங்கும் பயிற்சியைக் கேட்டுப் பழகட்டும். மாதக்கணக்கில் விழுங்காமல் விட்ட தொண்டை திரும்ப வழிக்கு வரப் பாடுபடும், நான் பட்டிருக்கிறேன். உப்பும் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்கவும் வேண்டும்.

அப்புறம், வீட்டில் மரச்சீனியும் மீனும் வைக்கிற நாளில் அவரைத் தனி அறைக்கு அனுப்பிவிடாதீர்கள். வாசனை அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் சரி, இல்லாவிட்டால் எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் அவரும் கூட உட்கார்ந்து குழாயில் வாங்கட்டும். என் வீட்டில் பாவம் என்று நினைத்து எனக்கு ஒளித்துச் சாப்பிட்டார்கள், குழாயைவிட அதுதான் எனக்கு வலித்தது. வருகிறவர்கள் முறைத்துப் பார்த்தால் தோளில் கிடக்கிற தோர்த்துத் துண்டை முகத்தில் போட்டுக்கொள்ளட்டும், அவர் இஷ்டம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயிற்றில் நேராகக் குழாய் வைத்து ஆறு மாதம் ஆகிறது. மாத்திரைத் தூள் போய் அடைத்துவிட்டது. கோலா ஊற்றினால் சரியாகும் என்கிறார்கள், ஊற்றலாமா? குழாய் தவறிக் கழன்றுவிட்டால்?
(செங்கோட்டை வாசகர்)

பதில்: கோலா வேண்டாம் தம்பி, புளிப்பில் பால் திரிந்து இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக உள்ளே விட்டு, திரும்ப இழுத்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி செய்யுங்கள். இறங்கவில்லையா, பலம் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, மெதுவாகக் கரையும்படி செய்தவை உண்டு, திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். குழாய் கழன்றுவிட்டால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், அந்த ஓட்டை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். அதன் அளவு அதிலேயே அச்சடித்திருக்கும்.