விழாவில் மட்டும் கலங்கும் பீப்பாய் ஏல்

உங்கள் பீர் ஆலையில் தெளிந்திருக்கும் ஏல் என்னும் பீர் வகை, காம்ரா என்னும் பிரிட்டிஷ் பீர் நுகர்வோர் இயக்கத்தின் கிளை நடத்தும் பீர் விழாவில் மட்டும் கலங்கி வருகிறதென்றால், தயாரிப்பு முறையில் கைவைக்காமல், பீப்பாய் அங்கே போய்ச் சேரும் நாளை முன்னதாக்கிப் பாருங்கள்.

1971-இல் தொடங்கிய அவ்வியக்கம் வலியுறுத்தும் ஏல், பரிமாறப்படும் கலத்திலேயே இரண்டாம் முறை நொதிப்பதால், உயிருள்ள ஈஸ்ட் ஒவ்வொரு குலுக்கலிலும் கிளம்பி, மீண்டும் படிய நேரம் கேட்கும். அதைப் படியவைக்கும் ஐசிங்கிளாஸோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கப்படும் புரதம். வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். வெயிலில் நின்ற வேன் ஒன்றே அதற்குப் போதும். விழா மண்டபங்களின் குளிரூட்டலையும் நான் பெரிதாக நம்புவதில்லை.

சோதிக்க, அதே தொகுப்பின் 9 கேலன் பீப்பாய் ஒன்றை ஆலையிலேயே வைத்துக்கொண்டு, உருட்டிக் குலுக்கி, 12 பாகையில் தாங்கியின்மேல் அசையாமல் கிடத்துங்கள். மேல்துளையில் மென்மரச் செருகியை இறக்கி வாயுவைப் போகவிட்டபின், 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிந்தால் குறை பயணத்திலோ மண்டபத்திலோ இருக்கிறது. தெளியாவிட்டால் ஈஸ்ட் மிகுந்திருக்கிறது, அல்லது ஐசிங்கிளாஸ் அளவு பொருந்தவில்லை.

கலங்கலோடு புளிப்பும் இருந்தால் இவை எதுவும் பொருந்தாது. அது கிருமித்தொற்றாக இருக்கக்கூடும். ஐசிங்கிளாஸ் சேர்க்காமலே அனுப்புகிறீர்கள் என்றால், விழாக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பீப்பாய் அட்டையிலும் குறித்துவிடுங்கள். இல்லையேல் நல்ல ஏலையும் கெட்டதென்று ஒதுக்கிவிடுவார்கள்.