15 வயது மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து போதை மாத்திரை எடுக்கிறான், அவர்களிடமிருந்து பிரித்துவிட்டால் சரியாகிவிடுமா?

கேட்டிருப்பவர் பர்மாவில், ரங்கூனில் இருக்கும் ஒரு அம்மா. பையனைப் பள்ளியை விட்டு நிறுத்தி வெளியூரில், மோல்மீனில் மாமா வீட்டில் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். அக்கா, அவசரப்பட்டு அனுப்பாதீர்கள்.

நானும் ரங்கூன்தான், சாயந்தரம் பையன்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இதே காரணத்துக்காகப் பையனைத் தாட்டோனில் சித்தப்பா கடைக்கு அனுப்பியது. அங்கே அவனுக்கு யாரையும் தெரியாது, காலையிலிருந்து ராத்திரிவரை கடை, பேச ஆள் கிடையாது. அப்படி இருக்கிற பையனுக்கு யார் முதலில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு 'உட்கார்' என்கிறார்களோ அவர்கள்தான் கூட்டாளி. டீக்கடையில் அப்படி உட்காரச் சொன்னவர்களும் யாமா என்கிற போதை மாத்திரை எடுக்கிறவர்களாகவே இருந்தார்கள். போனதைவிட மோசமாகித் திரும்பி வந்தான்.

யாரோ வற்புறுத்திப் பழக்கிவிட்டார்கள் என்றுதான் பெற்றவர்களுக்குத் தோன்றும். டீக்கடையில் நான் பார்த்த வரையில் யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை. குட்டையான மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஆளுக்கொரு குன்யா, அதாவது பாக்கு வைத்து மடித்த வெற்றிலை, வாயில் போகும், போடாதவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பேச்சு அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு நாள் ஒருவன் உள்ளங்கையைத் திறந்து டபிள்யூ ஒய் என்று அச்சடித்த சின்ன இளஞ்சிவப்பு மாத்திரையைக் காட்டுவான், பரீட்சைக்கு ராத்திரி முழுக்க முழித்துப் படிக்கலாம் என்பான், காசு வேண்டாம் என்பான். அந்த நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போவது ஒரு 15 வயதுப் பையனுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

2005-ல் அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு, சிக்னல் சிவப்பாக மாறுவதற்குள் எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஓட்டியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோது பிள்ளைகள் மிக அதிகமாகத் துணிந்தார்கள், பெரியவர்கள் அப்படி மாறவில்லை. அதனால் உங்கள் பையன் சமையலறையில் உங்கள் முன்னால் நின்று 'இனிமேல் தொட மாட்டேம்மா' என்று அழுதால் அது நடிப்பு இல்லை, சொல்கிற நேரத்தில் அவன் மனதாரத்தான் சொல்கிறான். அந்த வாக்கு டீக்கடையில் நிற்காது, அவ்வளவுதான். பொய்யன் என்று மட்டும் அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் வந்து சொல்லவே மாட்டான்.

முதலில் என்ன எடுக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். யாமா என்றால் மெத்தம்பெட்டமினும் காஃபினும் கலந்தது. ராத்திரி தூங்க மாட்டான், சோறு இறங்காது, ஓயாமல் பேசுவான், பல்லைக் கடிப்பான், அப்புறம் அது இறங்கும்போது நாள் முழுக்கத் தூங்கி எழுந்து எல்லோர்மேலும் எரிந்து விழுவான். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து உண்டு, நம் நாட்டிலேயே 2006 முதல் கொடுக்கிறார்கள். யாமாவுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. ஊசி போட்டு ஒரே வாரத்தில் மாற்றித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டவும் வேண்டாம், மாத்திரை கையில் இருந்து மாட்டினால் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டி வரலாம்.

அந்தக் கூட்டத்தில் எடுக்காதவன் ஒருவனாவது இருக்கிறானா என்று பாருங்கள். பெரும்பாலும் இருப்பான். அவனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள், அடிக்கடி வரச் சொல்லுங்கள். நாம் பத்துப் பேர் சொல்கிற புத்தியைவிட அந்த ஒருவன் கூட இருப்பது பெரிது. அப்புறம் பையனுக்குப் பொறுப்புள்ள ஓர் இடம் வேண்டும், சின்லோன் என்கிற பிரம்புப் பந்து ஆட்டமோ ஃபுட்பாலோ எதுவாகவும் இருக்கட்டும். என்னிடம் படித்த இன்னொரு பையன் பீலிக்கான் கோயில் தீமிதிக்குப் போகிற இளைஞர் கூட்டத்தில் சேர்ந்தான். விடியற்காலையில் அண்டா தூக்கவும் காய் நறுக்கவும் ஆள் வேண்டும், அவன் வராவிட்டால் கேட்பார்கள், அவன் மதிக்கிற இருபது வயது அண்ணன் ஒருவன் அங்கே இருந்தான். அதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். ஆனால் எல்லா இளைஞர் கூட்டமும் ஒன்றல்ல, வேலை முடிந்ததும் மறைவில் குடிக்கிற கூட்டமும் உண்டு. யார் யார் என்று நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வீட்டில் அப்பா குன்யா போடுகிறவராக இருந்தால் அவரும் நிறுத்தப் பார்க்கட்டும். புகையிலை சேர்க்காத பாக்குகூடப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், ஒன்றை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் சேர்ந்து பார்ப்பது.

மோல்மீனுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் நீங்களும் கூடப் போங்கள், பள்ளியும் விளையாட்டும் அமைகிறவரை இருங்கள். எங்கே இருந்தாலும், எடுப்பதை நிறுத்திய முதல் சில வாரங்கள் அவனைத் தனியாக விடாதீர்கள், அந்த நாட்களில் மனசு அடியோடு சோர்ந்துவிடும். செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும், இல்லாத குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று சொன்னாலும், அன்றைக்கே ரங்கூன் மனநல மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். என்ன எடுத்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.